நோல்ஃபாவின் வீடு புறப்பட்ட சனிக்கிழமை

ஓவேரோ ஆற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம். வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வரும்போதெல்லாம், கேட்பாரில்லை என்ற தைரியத்தில், கரையில் ஒரு வாய் கடித்துக்கொண்டுதான் போகும். நோல்ஃபா பார்ரீயா கல்யாணமாகி வந்த காலத்தில் அவள் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு ஆப்பிள் தோட்டம் இருந்தது. இப்போது தோட்டமும் இல்லை, கட்டியவனும் இல்லை. பின்கதவைத் திறந்து பாத்திரம் கழுவிய தண்ணீரை வீசினால் நேரே ஆற்றில் போய் விழுகிறது. அடுத்த வெள்ளத்தில் வீடும் போகும் என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆகவே வீட்டை நகர்த்துவதென்று முடிவாயிற்று. இடித்தோ பிரித்தோ அல்ல. கூரை, ஜன்னல், உள்ளே இருக்கும் இரும்பு அடுப்பு எல்லாவற்றோடும் முழு வீட்டையும் இரண்டு பெரிய மரத்தண்டுகளின் மேல் ஏற்றி, மாடு கட்டி இழுத்துக்கொண்டு போய் எதிர்மேட்டில் அவளுக்கிருந்த நிலத்தில் வைப்பது. மரவீடுதானே, இழுத்தால் வராமல் எங்கே போகும்? உலகத்தின் தென்கோடியில் கிடக்கும் அந்த அய்சேன் பக்கம், அப்பன் கட்டிய இடத்திலேயே வீட்டை விட்டு வைத்திருப்பவனைத்தான் சோம்பேறி என்பார்கள்.

ஆனால் நினைத்த நாளில் இழுத்துவிட முடியாது. நடுவே சதுப்பு இருக்கிறது. கோடையில் ஆடு இறங்கினால் வயிறு வரை புதையும். அது நடுக்குளிர்காலமான ஆகஸ்டில் கல்லாக உறைந்து, மேலே முழங்கால் ஆழம் பனி விழுந்து, வானமும் வெளுத்து, ஒரு சனி ஞாயிறு வாய்க்க வேண்டும். வாய்த்தால் பள்ளத்தாக்கே திரண்டு வந்துவிடும். கூலி கிடையாது. சாப்பாடு உண்டு, மது உண்டு, ஆட்டம்பாட்டம் உண்டு. மிங்கா என்று அதற்குப் பெயர். மாதக்கணக்கில் பனிக்குள் அடைந்து கிடந்து ஆட்டையும் பெண்டாட்டியையும் தவிர வேறு முகம் பார்க்காதவர்களுக்கு, அதைவிடப் பெரிய திருவிழா ஏது?

மிங்காவுக்கு முறை என்று ஒன்றே ஒன்றுதான். நேரில் போய்க் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு வீட்டின் முன்வாசலிலும் நின்று, தலைத்துணியை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் "எங்கேருந்து எங்க?" என்பார். பதில் சொல்ல வேண்டும். தீர்ந்தது காரியம். கேட்டவர்களிடம் மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. கேட்காமல் யாரும் வந்ததும் இல்லை. கேட்காத மிங்காவுக்கு வந்து நிற்பவனைப் போல மானங்கெட்டவன் அந்தப் பக்கத்தில் வேறு கிடையாது.

நோல்ஃபா குதிரையேறிப் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றினாள். பிடித்தவர், பிடிக்காதவர் எல்லோரையும் கேட்டாள். வாயைத் திறந்தால் மூடாத தொரீபியோவின் வாசலில்கூடப் போய் நின்றாள்.

"எங்கேருந்து எங்கக்கா?" என்றான் அவன்.

"ஆத்தங்கரையிலேருந்து மேட்டுக்கு."

"வந்தாச்சுன்னு வெச்சுக்கோங்க. ஆனா நம்மகிட்ட மாடு கிடையாது, அக்கார்டியன்தான் இருக்கு."

"அது எதையடா இழுக்கும்?"

"உங்க மூஞ்சியை. ரொம்ப நாளா கீழ தொங்குது, கொஞ்சம் மேல இழுத்து விடலாம்."

அந்தச் சனிக்கிழமை விடிந்ததைப் பார்த்திருக்க வேண்டும். இரவெல்லாம் கொட்டிய பனி நின்றுவிட்டிருந்தது. வேலி இல்லை, வரப்பு இல்லை, வண்டித்தடம் இல்லை. உலகத்தை இன்னொரு தடவை புதிதாகச் செய்து, யார் கையும் படாமல் வைத்திருந்தார்கள். மலைகள் அத்தனையும் ஒரு கை தூரத்துக்கு வந்து நின்றன. மூச்சு விட்டால் அது முகத்துக்கு முன்னாலேயே தொங்கியது.

அதற்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் மணிச்சத்தம், பிறகு மாட்டின் மூச்சுப்புகை, அதன் பின்னால் ஆள். காட்டோரமிருந்து ஒரு ஜோடி மாடு, பாலத்துப் பக்கமிருந்து இரண்டு ஜோடி. பெண்கள் சறுக்குப் பலகைகளில் மாவுப் பானையும் பன்றிக்கொழுப்பும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சுட்டுத் தின்ன இரண்டு செம்மறிக்கடா. கம்பளிப் போர்வைக்குள் பத்திரமாக, பிள்ளை மாதிரி, தொரீபியோவின் அக்கார்டியன். நோல்ஃபா வாசற்படியில் நின்று பார்த்தாள். கேட்டது அவள்தான். இருந்தாலும் இத்தனை பேர் தனக்காகவா என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

இழுப்புக்கு மேஸ்திரி அர்சேனியோ. ஊதல் ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சங்கிலிகளை உதைத்துப் பார்த்தார். மாடுகளை வரிசையாகப் பூட்டச் சொன்னார்.

"முதல் ஜோடிக்கு இடம் விட்டு வைங்கண்ணே," என்றாள் நோல்ஃபா. "எடெல்மீரா மாடு வரும்."

பள்ளத்தாக்கிலேயே எடெல்மீராவின் மாடுகளுக்கு ஈடு கிடையாது. அவள் வீடு நோல்ஃபாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஆற்றால் தொட முடியாத பாறை மேல். நடுவே ஒரு வேலி மட்டும். எடெல்மீராவின் மகளுக்கு நோல்ஃபா ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். முப்பது வருஷமாகக் காலையில் குடிக்கிற முதல் குவளை மாதே, அந்தக் கசப்பு மூலிகைத் தேநீர், ஒன்றாகத்தான். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி வீட்டு அடுப்பு எரியாது.

காத்திருந்தார்கள். பாறை மேலிருந்த வீட்டின் புகைபோக்கியில் புகை போய்க்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை.

"வெயில் ஏறுது நோல்ஃபா. வெயில் நமக்காக நிக்காது," என்றார் அர்சேனியோ. வேறொரு ஜோடியை முன்னால் பூட்டச் சொல்லிவிட்டு ஊதலை ஊதினார்.

எத்தனை மிங்கா பார்த்தவர்களுக்கும் அந்த முதல் நொடி பழகாது. சங்கிலி இறுகியது. மாடுகள் தலையைத் தாழ்த்தின. பின்பக்கம் பெண்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வீடு ஒரு முனகு முனகியது. கூரையிலிருந்த பனி மொத்தமாகச் சரிந்து தள்ளுகிறவர்கள் தலையில் விழ, "ஐயையோ!" என்று ஒரு கூச்சல். அந்தக் கூச்சலிலேயே வீடு நகர்ந்தது.

அட, நகர்ந்தேவிட்டது! குழந்தை பெற்ற வீடு, பிணம் எடுத்த வீடு, திரைச்சீலையோடும் புகைபோக்கியோடும் வெள்ளை வெளியில் மெல்ல மிதந்து போயிற்று. சத்தமே இல்லை. மாட்டு மணியும் மரத்தண்டுகளின் கீழே பனி நொறுங்குகிற சத்தமும்தான். இதற்குள் தொரீபியோ எப்படியோ உள்ளே ஏறி, ஜன்னலில் உட்கார்ந்து அக்கார்டியனை இழுத்துக்கொண்டிருந்தான்.

"எறங்குடா, வெயிட்டு!" என்று யாரோ கத்தினார்கள்.

"நான் பேலன்ஸுக்கு இருக்கேன்!" என்றான் அவன்.

நோல்ஃபா பின்னால் நடந்தாள். தன் வீடு தனக்கு முன்னால் போவதைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் அவள் கண் முன்னால் போன வீட்டைவிடப் பின்னால் இருந்த பாறையைத்தான் அதிகம் பார்த்தது.

சதுப்பின் நடுவே ஒரு பள்ளம். அடியில் ஊற்று இருப்பதால் எந்தக் குளிரிலும் அது முழுசாக உறைவதில்லை. சுற்றிக்கொண்டு போகத்தான் நினைத்தார்கள். ஆனால் முன்னால் பூட்டியிருந்தது இளம் மாடு. வலப்பக்கம் இழுத்துவிட்டது. இடது தண்டு பனிக்குள் இறங்கி, அதற்குக் கீழிருந்த சேற்றுக்குள்ளும் இறங்கிவிட்டது. வீடு ஒருக்களித்து நின்றது. அக்கார்டியன் பாதிப் பாட்டில் நின்றது.

இழுத்தார்கள். சங்கிலி ஒன்று அறுந்தது. மறுபடி கட்டி இழுத்தார்கள். மாடுகள் முட்டி போட்டன. வீடு இன்னும் கொஞ்சம் சாய்ந்ததே தவிர வரவில்லை. அப்போதுதான் வடக்கிலிருந்து காற்று கன்னத்தைத் தொட்டது, வெதுவெதுப்பாக. எல்லோரும் ஒன்றாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வடக்குக் காற்று என்றால் மழை. மழை என்றால் சதுப்பு இளகும். இளகினால் அந்த வீடு விடிவதற்குள் அதே பள்ளத்தில் முதுகு ஒடிந்து கிடக்கும்.

"முன்னாடி ஒரு நல்ல ஜோடி வேணும்," என்றார் அர்சேனியோ. "சத்தம் போடாம, ஒரே சீரா இழுக்கிற ஜோடி." அவர் பாறையைப் பார்த்தார். பிறகு நோல்ஃபாவைப் பார்த்தார். "ஏம்மா, எடெல்மீராவைக் கூப்பிட்டியா நீ?"

"எடெல்மீராவையா? அவளைப் போய்க் கூப்பிடணுமாண்ணே? அவ எங்க வீட்டு ஆளு."

வாயாடி தொரீபியோகூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கூப்பிடலையா?" என்றார் அர்சேனியோ மெதுவாக. "பள்ளத்தாக்கு பூரா கூப்பிட்டுட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைக் கூப்பிடலையா?"

நோல்ஃபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வந்த வழியே நடந்தாள், நடந்தாள் என்பதைவிட விழுந்தடித்து ஓடினாள் என்பதுதான் சரி. முழங்கால் வரை பனி இழுத்தது. வீடு நின்றிருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது. அதைப் பார்க்காமல் பாறை ஏறினாள்.

பழக்கத்தில் கால் நேரே சமையலறைக் கதவுக்குத்தான் போயிற்று. முப்பது வருஷமாகத் தட்டாமல் திறந்த கதவு. தாழ்ப்பாளில் வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து தட்டினாள். அந்தக் கதவைப் பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும் தவிர யாருக்கும் திறந்ததில்லை. ஈரத்தில் உப்பிப் போயிருந்தது. எடெல்மீரா உள்ளேயிருந்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

"தள்ளுங்க!" என்று உள்ளேயிருந்து குரல்.

தோளால் ஒரு மோது மோதினாள். கதவு படாரென்று திறந்துகொள்ள, குப்புற விழப் பார்த்தாள். எடெல்மீரா கை கொடுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்க தோன்யா நோல்ஃபா. என்ன விஷயமா இவ்வளவு தூரம்?"

கொமாத்ரே போய், அயலாரை அழைக்கிற மரியாதைத் தோன்யா வந்துவிட்டது. ஒரு அறை விட்டிருந்தால்கூட நோல்ஃபாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"கொமாத்ரே, என்னடி இது? அங்க ஊரே நிக்குது..."

"ஊர் நிக்குதுன்னா ஊரைக் கூப்பிட்டிருக்கீங்க, வந்து நிக்குது. எனக்கென்ன?"

"நீயும் ஊரும் ஒண்ணாடி? வீட்டு ஆளை யாராவது கூப்பிடுவாங்களா?"

"எந்த வீட்டு ஆளு? அந்தா, சேத்துல மாட்டிக்கிட்டு கோணலா நிக்குதே, அந்த வீட்டு ஆளா?" எடெல்மீராவின் குரல் ஏறியது. "அது எங்க போகுதுன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுது தெரியுமா? தொரீபியோ பொண்டாட்டி கடையில வெச்சு சொன்னா. 'உங்க கொமாத்ரே மேட்டுக்குப் போறாங்களாமே, இனிமே உங்களுக்குப் பொழுதே போகாதே'ன்னு. நாலு பேருக்கு முன்னாடி. சர்க்கரை வாங்கப் போனவ வாங்காமலே திரும்பி வந்தேன்."

"வீட்டை நகர்த்தணும்னு உங்கிட்ட சொன்னேன்ல?"

"நகர்த்தணும்னு சொன்ன. எங்கன்னு சொன்னியா? நான் பைத்தியக்காரி, இங்கதான் எங்கேயாவது, என் பாறை ஓரமா வெப்பேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"பாறையில எங்கடி இடம்? ஒரு கோழிக்கூடு வெக்க இடம் இருக்கா?"

"இல்லைன்னு எனக்கும் தெரியும்," என்றாள் எடெல்மீரா. "தெரிஞ்சா நெனைக்கக் கூடாதா?"

நோல்ஃபா தலைத்துணியை அவிழ்த்தாள். குளிர் காதை அறுத்தது. எல்லோர் வாசலிலும் நின்றது போலவே நிமிர்ந்து நின்றாள்.

"எடெல்மீரா, என் வீடு ஆத்தோட போகப் பாக்குது. அதை இழுத்து வெக்கணும். உன் மாடும் உன் கையும் வேணும். வருவியா?"

எடெல்மீராவின் முகத்தில் இறுக்கம் இருந்தது. ஆனால் முறை என்றால் முறை.

"எங்கேருந்து எங்க?"

நோல்ஃபா வாயைத் திறந்தாள். ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக்கு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்ன வார்த்தை. வரவில்லை. இந்த ஒரு வாசலில் மட்டும் இத்தனை நாள் ஏன் வந்து நிற்கவில்லை என்பது அவளுக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது. வீட்டு ஆள் என்பதெல்லாம் சும்மா.

"உன் பக்கத்துலேருந்து," என்றாள். "உன் பக்கத்துலேருந்து தூரமா."

சொன்னதும் அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. வெட்கமில்லாமல் அழுதாள்.

"இதைச் சொல்ல வாய் வராமத்தான் வராம இருந்தியா?"

"ஆமாடி."

"கழுதை," என்றாள் எடெல்மீரா. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் தன் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே துணியால் நோல்ஃபாவின் மூக்கையும் துடைத்துவிட்டாள். "துணியைக் கட்டு தலையில. நில்லு, பூட்ஸ் போட்டுட்டு வர்றேன்."

தொழுவத்தில் மாடுகள் இரண்டும் நுகம் பூட்டித் தயாராக நின்றன. நுகத்தில் விடியற்காலைக் குளிரின் உறைபனி இன்னும் இருந்தது.

"இதை எப்போ பூட்டின?" என்றாள் நோல்ஃபா.

"காலையிலேயே. குளிருக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கட்டும்னு. வேற ஒண்ணுமில்ல, வாயை மூடிக்கிட்டு வா."

அவர்கள் மாடுகளோடு பனியில் இறங்கி வருவதைப் பார்த்துச் சதுப்பில் நின்ற கூட்டம் ஆரவாரிக்கவில்லை. வழி விட்டு ஒதுங்கியது. எடெல்மீரா யார் முகத்தையும் பார்க்காமல் மாடுகளை முன்னால் கொண்டுபோய்ப் பூட்டினாள். அர்சேனியோ ஊதலைத் தூக்கினார்.

"அதை உள்ள போடுங்கண்ணே, மாடு மிரளும்," என்றாள்.

மற்றவர்கள் போல அவள் கத்துகிறவள் இல்லை. மாட்டின் காதோரம் குனிந்து, அடுத்த வீட்டுக்காரியிடம் ஊர்க்கதை சொல்வது போல ஏதோ சொன்னாள். மாடுகள் கேட்டன. கால்களை அகட்டி ஊன்றின. துள்ளவில்லை, இழுத்துப் பறிக்கவில்லை. சாய்ந்தன, அவ்வளவுதான். அவை சாய்ந்ததும் பின்னாலிருந்த ஜோடிகளும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஆண்களும் பெண்களும் தோளைக் கொடுத்தார்கள். நோல்ஃபா தன் வீட்டுச் சுவரில் கன்னத்தை வைத்துத் தள்ளினாள். பலகைக்குள்ளே ஒரு நடுக்கம் ஓடுவது கன்னத்தில் தெரிந்தது. மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்தாள்.

சேறு ஒரு பெரிய சத்தத்தோடு வாயைத் திறந்தது. வீடு நிமிர்ந்தது, ஏறியது, போய்க்கொண்டே இருந்தது.

அப்போது கிளம்பிய கூச்சல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. கட்டிப்பிடித்தார்கள், பனியில் புரண்டார்கள். அர்சேனியோ அழுதுகொண்டே யாரையோ திட்டினார். மேகம் கிழிந்து ஒரு பட்டை வெயில் விழ, சதுப்பு முழுக்கக் கண் கூசும்படி பற்றிக்கொண்டது. அதன் நடுவே அந்த வீடு மாடுகளின் மூச்சுப்புகைக்குள் மேடு ஏறியது. நோல்ஃபா கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றாள். மாட்டுக்கா, மனிதர்களுக்கா, மலைக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. முன்னால், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், நோல்ஃபாவின் வீட்டைத் தன் வேலியிலிருந்து தூரமாக, தூரமாக எடெல்மீரா நடத்திக்கொண்டு போனாள்.

அன்று மாலையும் மறுநாளும் நடந்த கூத்தை எழுதி மாளாது. கழியில் கோத்து நெருப்போரம் நட்ட கடாக்கள் மூன்று மணி நேரம் கொழுப்பு ஒழுகின. கொழுப்பில் பொரித்த ரொட்டிகள் சட்டியிலிருந்து வாய்க்கு நேராகப் போயின. புது இடத்தில் நின்ற பழைய வீட்டின் தரை அதிர அதிர ஆடினார்கள். இரவில் காற்று மாறித் தெற்கிலிருந்து குளிராக வீசியது. மழை பயம் போயிற்று. ஞாயிறு காலை மாட்டுத்தோல்களை விரித்து, மேட்டிலிருந்து சதுப்பு வரை சறுக்கி இறங்கினார்கள். வயது வித்தியாசமே கிடையாது. அர்சேனியோ தலைகீழாகப் போய்ப் பனியில் செருகிக்கொள்ள, அவர் காலைப் பிடித்து இழுக்க ஒரு தனி மிங்கா போட வேண்டியதாயிற்று.

"இவரை எங்கேருந்து எங்க இழுக்கணும்?" என்று தொரீபியோ கேட்டான். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது.

நோல்ஃபாவும் எடெல்மீராவும் ஒரே தோலில் உட்கார்ந்து, இடுப்பைக் கட்டிக்கொண்டு, குமரிகள் மாதிரி வீறிட்டபடி இறங்கினார்கள். கீழே போய் மல்லாந்து விழுந்து, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் அப்படியே கிடந்தார்கள். வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாகப் பனி விழ ஆரம்பித்தது. கண்ணில் விழுந்தது, வாயில் விழுந்தது.

"எவ்வளவு அழகாடி இருக்கு," என்றாள் நோல்ஃபா.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் எடெல்மீரா.

மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எடெல்மீரா கடைசியாகக் கிளம்பினாள்.

"கட்டிப்பிடிச்சு அழுற வேலையெல்லாம் வேணாம். ரெண்டு மலை தாண்டியா போறேன்? இங்கேருந்து பாத்தா என் வீடு தெரியும்," என்றாள்.

"தெரியுது," என்றாள் நோல்ஃபா.

மாடுகளை ஓட்டிக்கொண்டு அவள் மேட்டிலிருந்து இறங்கினாள். சதுப்பைக் கடந்து அந்தக் கரைக்குப் போகும் வரை நோல்ஃபா புதுவாசலில் நின்று பார்த்தாள். வீடு இருந்த கறுப்புச் சதுரத்தைப் பனி அதற்குள் மூடிவிட்டிருந்தது. வேலியையும் இழுப்புக்கு முன்னாலேயே பிடுங்கியிருந்தார்கள். சதுப்பிலிருந்து பாறை வரை தடை ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. நேராகக் குறுக்கே போனால் எடெல்மீராவுக்கு நாலு எட்டில் வீடு.

அந்த இடத்துக்கு வந்ததும் அவள் மாடுகளை வலப்பக்கம் திருப்பினாள். முன்பு சமையலறைச் சுவர் இருந்ததை ஒட்டிப் போனாள். மூலையில் திரும்பினாள். பின்கதவு இருந்த பக்கமாக, ஆற்றோரத்து ஒடுங்கிய தடத்தில், மாடுகளைக் கவனமாக ஒன்றன் பின் ஒன்றாகக் கொண்டுபோனாள். இல்லாத வீட்டை முழுசாகச் சுற்றி முடித்த பிறகுதான் பாறை ஏறினாள்.

மேட்டு வீட்டுக்குள் அடுப்பில் மாதேக்கு வைத்த தண்ணீர் கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது. நோல்ஃபாவுக்கு அது கேட்டது. அவள் கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றாள்.